தலைமாட்டுல போனா, டைம்பீஸா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல வேற ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது "நான் இப்போ போனை பெட்ரூமுக்குள்ள கொண்டு போறதில்ல, எழுப்பிவிட ஒரு டைம்பீஸ் வாங்கி வச்சிருக்கேன்"னு போற போக்குல ஒரு வரி போட்டுட்டேன். அவ்ளோதான், இந்தத் தடவை வந்த மெயில்ல பாதிக்கு மேல அதைப் பத்திதான். சரி, இந்த இதழை அதுக்கே விட்டுடுவோம்.

கேள்வி: அக்கா, நான் போனை தலைமாட்டுல வைக்கிறதே அலாரத்துக்காகத்தான். ஆனா ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வந்தா மணி பாக்கலாம்னு எடுக்கிறேன், கீழ வைக்கும்போது 4 ஆயிடுது. டைம்பீஸ் வாங்கினா இது சரியாகுமா, இல்ல அதுவும் தண்டச் செலவா? (பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகி)

பதில்: அந்த 3 மணி எனக்கு நல்லாத் தெரியும்மா. மணி பாக்கத்தான் எடுப்போம். மணிக்கு நேர் கீழயே ஒரு மெசேஜ் வந்து நிக்கும், ஆபீஸ் க்ரூப்ல யாரோ "ஓகே"ன்னு போட்டிருப்பாங்க, எதுக்கு ஓகேன்னு மேல தள்ளிப் பாத்தா அங்க ஒரு வீடியோ, அது முடிஞ்சா அதுவா இன்னொண்ணு ஓடும், கடைசில யாருன்னே தெரியாத ஒருத்தரோட கல்யாண ஆல்பத்துல போய் நிப்போம். இதுல பெரிய கூத்து என்னன்னா, போனை கீழ வச்ச அடுத்த நிமிஷம் "ஆமா, மணி என்ன?"ன்னு தோணும். பாக்கப் போன விஷயத்தையே பாத்திருக்க மாட்டோம்! வெறும் வாயை மெல்லுறவளுக்கு அவல் கிடைச்சா விடுவாளா, முழிப்பு வந்து சும்மா கிடக்கிற மனசுக்கு கைக்கெட்டுற தூரத்துல அவ்ளோ பெரிய மூட்டையை நாமளே வச்சிருக்கோம்.

நிறைய பேர் நீல வெளிச்சம், நீல வெளிச்சம்னு சொல்லுவாங்க. அதுல உண்மை இருக்கு, நம்ம கண்ணுல பொருளைப் பாக்குறதுக்கு இருக்கிற செல் போக, இது பகலா ராத்திரியான்னு மூளைக்குத் தகவல் சொல்றதுக்குன்னே தனியா கொஞ்சம் செல் இருக்கு, 480 நானோமீட்டர் பக்கத்துல இருக்கிற நீல வெளிச்சம்தான் அதுங்களுக்கு ரொம்ப உறைக்கும். அதுக்காகத்தான் போன்ல ஸ்க்ரீனை மஞ்சளாக்குற செட்டிங் குடுத்திருக்காங்க. ஆனா என்னைக் கேட்டா வெளிச்சம் பாதிதான், மீதி உள்ள இருக்கிற சமாச்சாரம். மஞ்சள் வெளிச்சத்துல படிச்சாலும் க்ரூப்ல நடக்கிற சண்டை சண்டைதானே.

இப்போ உங்க கேள்விக்கு வரேன். டைம்பீஸ் மட்டும் வாங்கினா ஒண்ணும் சரியாகாது. நான் வாங்கி ரெண்டு வாரம் அது பாட்டுக்கு ஒரு பக்கம் உக்காந்திருந்துச்சு, போன் பாட்டுக்கு இன்னொரு பக்கம் சார்ஜ்ல கிடந்துச்சு, மேஜைல இடம் குறைஞ்சதுதான் மிச்சம். மாற்றம் எப்போ வந்துச்சுன்னா சார்ஜரை ஹால்ல போட்ட அன்னைக்குத்தான். அலாரம்ங்கிறது போன் பெட்ரூமுக்குள்ள வர்றதுக்கு வச்சிருக்கிற என்ட்ரி பாஸ், அந்த வேலையை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டா பாஸ் கேன்சல், ஆனா கேன்சல் பண்ணிட்டு கதவையும் சாத்தணும்ல. முதல் மூணு நாலு ராத்திரி கை தானா மேஜையைத் தடவும், தடவிட்டு டைம்பீஸ்ல இடிச்சுக்கும், சிரிப்பா வரும். அப்புறம் பழகிடும்.

இன்னொண்ணு, தூக்கம் வராம புரள்ற ஆளா இருந்தா டைம்பீஸை சுவத்தைப் பாத்துத் திருப்பி வைங்க. "இன்னும் 2 மணி நேரம்தான் இருக்கு, ஐயோ ஒண்ணரை மணி நேரம்தான் இருக்கு"ன்னு கணக்குப் போடுறதே தூக்கத்தைக் கெடுக்கும்னு தூக்க டாக்டர்ங்க வழக்கமா சொல்ற யோசனை இது. அலாரம் அடிக்கிறது காதுக்குக் கேட்டா போதும், முகத்தைப் பாக்க வேண்டியதில்ல.

கேள்வி: எந்த மாதிரி வாங்குறதுன்னே புரியல மேடம். ஆன்லைன்ல பாத்தா ஆயிரம் இருக்கு, ஸ்பீக்கர் வச்சது, டெம்பரேச்சர் காட்டுறது, சீலிங்ல வெளிச்சமா மணி காட்டுறது. நீங்க என்ன வச்சிருக்கீங்க? (டிசைன் படிக்கிற மாணவர்)

பதில்: தம்பி, ஒரு டைம்பீஸை கடையில கண்ணைத் திறந்து வச்சுப் பாத்து வாங்காதீங்க. கையில எடுத்து, கண்ணை மூடிட்டு, "இப்போ அலாரம் அடிக்குது, இதை நிறுத்து"ன்னு உங்களுக்கு நீங்களே சொல்லிப் பாருங்க. கட்டை விரல் தானா போய் சரியான இடத்துல நின்னா அதுதான் நல்ல டிசைன். நாலு ஒரே மாதிரி பட்டன் வரிசையா பின்னாடி இருந்து, அதுல ஒண்ணு அலாரம் ஒண்ணு மணி மாத்துறதுன்னா, என்னைக்காவது ஒரு நாள் அரைத்தூக்கத்துல மணியை மாத்தி வச்சுட்டு ஆபீஸுக்கு லேட்டா போவீங்க. எனக்கு நடந்திருக்கு, அந்த டிஜிட்டல் டப்பாவை அன்னைக்கே பரண்ல போட்டாச்சு.

என்கிட்ட இப்போ இருக்கிறது உள்ளங்கைக்குள்ள அடங்குற சதுர டப்பா, கறுப்பு முகம், வெள்ளை எண். மேல முழுக்க ஒரே ஒரு பட்டை பட்டன், தட்டினா ஸ்னூஸ், கூடவே லைட்டும் எரியும். அலாரத்தை அடியோட நிறுத்துறதுக்கு பக்கவாட்டுல தள்ளுற சுவிட்ச். தட்டுறதும் தள்ளுறதும் ரெண்டு வேற வேற கை வேலை பாருங்க, அதனால தூக்கத்துல குழம்பவே முடியாது. மணி முள்ளும் நிமிஷ முள்ளும் வெள்ளை, தடிமன் வேற வேற, செகண்ட் முள் மஞ்சள், அலார முள் சின்னதா வேற நிறத்துல. எது எதுன்னு கண்ணு யோசிக்கவே யோசிக்காது.

இந்த ஜாடை எங்கிருந்து வந்துச்சுன்னு டிசைன் படிக்கிற உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஜெர்மனியில ப்ரௌன் கம்பெனி, அங்க 1955-ல சேர்ந்து 1961-ல இருந்து 1995 வரைக்கும் டிசைன் பிரிவுக்குத் தலைவரா இருந்த டீட்டர் ராம்ஸ், அவர்கூட வேலை பாத்த டீட்ரிஷ் லூப்ஸ். ப்ரௌனோட கடிகாரம் பலதும் லூப்ஸ் கை பட்டதுதான், 1987-ல வந்த ஏபி 1 கூட அவர் செஞ்சது, அந்தச் சின்ன டப்பாவைத்தான் இன்னைக்கு வர்ற பாதி டைம்பீஸ் காப்பி அடிக்குது. ராம்ஸ் சொல்ற "குறைவா, ஆனா இன்னும் நல்லா"ங்கிறதை எல்லாரும் போஸ்டர்ல போட்டு மாட்டிக்கிறாங்க, எனக்கு என்னவோ அதோட அர்த்தம் முழுசாப் புரிஞ்சது விடியக்காலைல இருட்டுல அந்த பட்டனைத் தேடாமலே தட்டினப்போதான். ஆனா அவங்களும் விளையாடாம இல்ல, 1980-கள்ல ப்ரௌன்ல சத்தம் போட்டா அடங்குற அலாரம் ஒண்ணு விட்டாங்க. கத்தினா நிக்கும்! பக்கத்துல படுத்திருக்கிறவங்க கதியை யோசிச்சுப் பாருங்க.

ஸ்பீக்கர், ப்ளூடூத், சீலிங்ல மணி காட்டுறது இதெல்லாம் வேண்டாம். போனோட வேலையை ஒவ்வொண்ணா டைம்பீஸ் மேல ஏத்திட்டே போனா இன்னொரு போன் வந்து உக்காந்திடும், பிள்ளையார் பிடிக்கக் குரங்காகும். டிஜிட்டல்தான் பிடிக்கும்னா எண் சிவப்பு நிறமா, வெளிச்சத்தை நல்லாக் குறைக்க முடியுமான்னு பாருங்க, நான் மேல சொன்ன அந்த ராத்திரி பகல் செல்லுக்கு சிவப்பு அவ்ளோவா உறைக்காது. ப்ளக்ல போடுறதா இருந்தா உள்ள பேக்கப் பேட்டரி கண்டிப்பா இருக்கணும், இல்லன்னா கரண்ட் ஒரு நிமிஷம் போய் வந்தாலும் காலைல 12:00-னு மினுக்கிட்டு இருக்கும்.

கேள்வி: வாங்கிட்டேன் அக்கா, ஆனா டிக் டிக்னு ராத்திரி பூரா தலைக்குள்ள சுத்தியல் அடிக்குது. திரும்பக் குடுத்துடவா?

பதில்: குடுத்துடுங்க, முடிஞ்சா. செகண்ட் முள் குதிச்சுக் குதிச்சுப் போகாம வழுக்கிட்டே போற மாதிரி கேட்டு வாங்குங்க, ஸ்வீப் மூவ்மென்ட்னு போட்டிருக்கும். சத்தம் எங்கிருந்து வருதுன்னா, உள்ள ஒரு குட்டி குவார்ட்ஸ் துண்டு செகண்டுக்கு 32,768 தடவை அதிருது, அந்த எண்ணை 15 தடவை பாதி பாதியா ஆக்கினா சரியா 1 வரும், அதாவது செகண்டுக்கு ஒரு துடிப்பு. ஒவ்வொரு துடிப்புக்கும் மோட்டார் பல் சக்கரத்தை ஒரு தட்டு தட்டி நிறுத்தும், அந்தத் தட்டுறதுதான் உங்க சுத்தியல். ஸ்வீப்ல தட்டி நிறுத்துற வேலை இல்ல, மோட்டார் ஓடிட்டே இருக்கும், பேட்டரி மட்டும் கொஞ்சம் சீக்கிரம் தீரும்.

திரும்பக் குடுக்க முடியலன்னா அடியில ஒரு மடிச்ச துணி வச்சுப் பாருங்க. பாதிச் சத்தம் டைம்பீஸோடது இல்ல, மேஜைப் பலகையோடது. மிருதங்கத்து மேல வச்ச மாதிரி அதுவும் சேர்ந்து அதிரும்.

கேள்வி: எங்க அப்பா அம்மா வயசானவங்க, வேற ஊர்ல தனியா இருக்காங்க. ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா போன் பக்கத்துல இல்லாம எப்படி? இதுக்கு பதில் சொல்லிட்டு அப்புறம் டைம்பீஸ் பத்திப் பேசுங்க. (கொஞ்சம் கோவமா எழுதியிருக்கற வாசகர்)

பதில்: கோவம் நியாயம்தான். எனக்கும் முதல்ல இதேதான் பயம். போனை தூரமா வைங்கன்னுதான் சொல்றேன், ஆஃப் பண்ணச் சொல்லல. ஹால்ல, பெட்ரூம் கதவைத் திறந்து வச்சா கேக்குற இடத்துல, ரிங்டோனை முழுச் சத்தத்துல வச்சுட்டுப் படுங்க. தலைமாட்டுல சைலண்ட்ல கிடக்கிற போனை விட அது பல மடங்கு பத்திரம், எத்தனை பேர் வைப்ரேஷன்ல வச்சுட்டு தலையணைக்கு அடியில சொருகிட்டுத் தூங்குறாங்க தெரியுமா?

மத்த தொல்லை வராம இருக்க டு நாட் டிஸ்டர்ப் போட்டுட்டு அப்பா அம்மா நம்பரை மட்டும் விதிவிலக்கா சேத்துடுங்க, அவங்க கால் மட்டும் அடிக்கும். அதுலயே ரிப்பீட் கால்னு ஒரு ஆப்ஷன் இருக்கும், அதையும் ஆன் பண்ணுங்க. ஒரே நம்பர்ல இருந்து ரெண்டாவது தடவை கூப்பிட்டா, ஐபோன்ல 3 நிமிஷத்துக்குள்ள, ஆண்ட்ராய்டுல 15 நிமிஷத்துக்குள்ள, அந்த ரெண்டாவது கால் உள்ள வந்துடும். பக்கத்து வீட்டுக்காரர் நம்பர்ல இருந்து கூப்பிட்டாலும் வரும்ங்கிறதுதான் இதுல விசேஷம். "ஒரு தடவை எடுக்கலன்னா உடனே இன்னொரு தடவை அடிங்க"ன்னு அம்மாகிட்டயும் அக்கம்பக்கத்துலயும் சொல்லி வைங்க. சொல்லிட்டு, ஒரு நாள் ராத்திரி அடிக்கச் சொல்லி டெஸ்ட் பண்ணியும் பாத்துடுங்க, செட்டிங்கை நம்பி விட்டுடாதீங்க. லேண்ட்லைன் இருக்கிற வீடா இருந்தா இந்தப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: முள் வச்ச டைம்பீஸ் வாங்கினேன். 6 மணிக்கு வச்சா சில நாள் 5:50-க்கே அடிக்குது, ஒரு நாள் சாயங்காலம் 6 மணிக்கு வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னாடி அலறுச்சு. டிஃபெக்ட் பீஸா?

பதில்: ரெண்டுமே டிஃபெக்ட் இல்லைங்க, அதோட சுபாவம். போன் மாதிரி அதுக்குக் காலை மாலை தெரியாது, வட்டத்துல 12 மணி நேரம்தான் இருக்கு, அதனால அலார முள் 6-ல நின்னா ரெண்டு 6-க்கும் அடிக்கும். காலைல நிறுத்தும்போதே சுவிட்சைத் தள்ளிட்டு, ராத்திரி படுக்கும்போதுதான் திரும்ப ஆன் பண்ணணும். அதே காரணத்துக்காக 12 மணி நேரத்துக்கு மேல தள்ளி ஒரு அலாரம் வைக்கவும் முடியாது. சாயங்காலம் 5 மணிக்கே படுத்து மறுநாள் 6-க்கு எழணும்னா நடுவுல ஒரு தடவை எழுப்பிடும்.

பத்து நிமிஷ கணக்கு எப்படின்னா, அந்தக் குட்டி அலார முள் 12 மணி நேரத்துக்கு ஒரு சுத்து. நிமிஷக் கோடு ரெண்டுக்கு நடுவுல இருக்கிற இடைவெளியை நிமிஷ முள் ஒரு நிமிஷத்துல தாண்டும், ஆனா அலார முள்ளைப் பொறுத்தவரைக்கும் அதே இடைவெளி 12 நிமிஷம். முடி அளவு தள்ளி வச்சாலும் அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆயிடும். ரெண்டு நாள் எத்தனை மணிக்கு அடிக்குதுன்னு பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி முள்ளை கொஞ்சம் நகர்த்தி வைங்க. பின்னாடி திருகுல அம்புக்குறி போட்டிருந்தா அந்தப் பக்கம் மட்டும்தான் திருப்பணும், எதிர்ப்பக்கம் திருப்பினா உள்ள இருக்கிற ஏற்பாடு நழுவிடும்.

அப்படியே பேட்டரி விஷயமும் சொல்லிடுறேன். செகண்ட் முள் 9-க்குப் பக்கத்துல வந்ததும் ஏற முடியாம ஒரே இடத்துல துடிச்சிட்டு நிக்குதா, பேட்டரி முடியப் போகுதுன்னு அர்த்தம். அங்கதான் முள் நேரா மேல்நோக்கி ஏறணும், மாடிப்படி ஏற மூச்சு வாங்குற மாதிரி திணறும். அன்னைக்கே மாத்திடுங்க, பழசை உள்ளயே விட்டா கசிஞ்சு கம்பியில வெள்ளையாப் பூத்துடும்.

கேள்வி: தாத்தாவோட சாவி குடுக்கிற டைம்பீஸ் பரண்ல கிடைச்சுது, எண் மேல எல்லாம் ரேடியம்னு அப்பா சொல்றார். இப்போ இருட்டுல மின்னல. அதையே யூஸ் பண்ணலாமா?

பதில்: நாம ரேடியம் ரேடியம்னு எதைப் பாத்தாலும் சொல்லுவோம், வண்டி நம்பர் ப்ளேட் ஸ்டிக்கர் வரைக்கும், ஆனா பழைய டைம்பீஸ்ல அது நிஜ ரேடியமாவே இருக்க வாய்ப்பு இருக்கு. மின்னலன்னா தீர்ந்துடுச்சுன்னு நினைக்காதீங்க. மின்னுறது அதுகூடக் கலந்திருந்த பொடி, அதுதான் காலப்போக்குல செத்துப்போச்சு. ரேடியம் பாதியாக் குறையவே சுமார் 1,600 வருஷம் ஆகும், தாத்தா டைம்பீஸ்ல அது அப்படியே உக்காந்திருக்கு. கண்ணாடி உடையாம மூடி இருக்கிற வரைக்கும் அலமாரியில வச்சு அழகு பாக்கலாம், திறந்து துடைக்கிறேன், பெயின்டைச் சுரண்டுறேன்னு மட்டும் இறங்காதீங்க. அந்தத் தூள் மூக்கு வாய் வழியா உள்ள போறதுதான் ஆபத்து. 1920-கள்ல அமெரிக்காவுல கடிகார முகத்துல ரேடியம் பூசின பொண்ணுங்க, பிரஷ் முனையைக் கூராக்க உதட்டுல வச்சு வச்சு எடுத்ததுல தாடை எலும்பே அரிச்சுப்போய் செத்தாங்க. தலைமாட்டுக்கு வேற வாங்கிக்கோங்க, இப்போ வர்றதுல மின்னுற பூச்சு பகல் வெளிச்சத்தைக் குடிச்சுட்டு ராத்திரி கக்குற ரகம், கதிர்வீச்சு கிடையாது.

கேள்வி: நான் கும்பகர்ணன் பரம்பரை. போன்ல அஞ்சு அலாரம் வச்சாலும் ஸ்னூஸ் ஸ்னூஸ்னு போட்டுத் தள்ளிடுவேன். சாதா டைம்பீஸ் என்னை எழுப்புமா?

பதில்: கையெட்டுற தூரத்துல வச்சா எழுப்பாது, எழுந்து நடந்து போய் நிறுத்துற தூரத்துல வைங்க. போனை அப்படித் தள்ளி வச்சா எடுத்துட்டுத் திரும்பப் படுக்கைக்கே வந்துடுவோம், டைம்பீஸை எடுத்துட்டு வந்து படுத்து என்ன பண்ணப் போறீங்க? ஸ்னூஸ் ஒண்ணும் போன் காலத்துச் சரக்கு இல்ல, 1956-லயே ஜெனரல் எலக்ட்ரிக் விட்ட டைம்பீஸ்ல வந்துடுச்சு. ஸ்னூஸே இல்லாத மாடலும் கிடைக்கும், உங்களுக்கு அதுதான் லாயக்கு. அதுக்கும் எழலன்னா ஒரு காலத்துல இங்கிலாந்துல இருந்த மாதிரி ஆள் வச்சுக்கணும், அங்க மில் வேலைக்குப் போறவங்களை எழுப்ப நீளக் குச்சியால ஜன்னலைத் தட்டிட்டுப் போறதுக்குன்னே கூலிக்கு ஆள் இருந்தாங்க, சிலர் குழாய்ல பட்டாணி வச்சு ஊதி அடிப்பாங்களாம்.

ஒரு விஷயம், காது கொஞ்சம் மந்தமான பெரியவங்களுக்கு வாங்குறவங்க கவனிங்க. கீச்சுனு பீப் அடிக்கிற சத்தம்தான் வயசானா முதல்ல காதுக்கு எட்டாம போறது. புகை அலாரத்துல கூட 3,100 ஹெர்ட்ஸ் கீச்சை விட 520 ஹெர்ட்ஸ் கனத்த சத்தம்தான் அவங்களை நல்லா எழுப்புதுன்னு சோதிச்சுப் பாத்திருக்காங்க. அதனால கனமாக் கேக்குற சத்தமா பாத்து எடுங்க, இல்லன்னா தலையணைக்கு அடியில வச்சு அதிர்ற மாடல் எடுங்க.

கேள்வி: நான் ரெடி, என் வீட்டுக்காரர் ரெடி இல்ல. அவர் போன் வெளிச்சம் என் மூஞ்சில அடிக்குது. என்ன பண்ண?

பதில்: உபதேசம் பண்ணாதீங்கம்மா, வேலைக்கு ஆகாது. உங்க டைம்பீஸை உங்க பக்கம் வைங்க, உங்க போனை ஹால்ல போடுங்க. அவர் எழுற நேரத்துக்கே அலாரம் வச்சு ஒரு வாரம் சரியா எழுப்பி விடுங்க. எங்க வீட்டுல எட்டாவது நாள் சார்ஜர் தானா இடம் மாறுச்சு, ஏன்னு நானும் கேக்கல அவரும் சொல்லல. இப்போ யார் அந்தப் பட்டனை முதல்ல தட்டுறதுங்கிறதுல மட்டும்தான் தகராறு.